எதிர்வரிசையில் உட்கார்ந்தாலும் இதையே சொல்வீர்களா? ஆரப்பாளையம் வட்டாரக் கட்சி வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆரப்பாளையம், புட்டுத்தோப்புப் பக்கம் குடியிருந்துகொண்டு, தினமும் மாவட்டக் கோர்ட்டுக்கும் ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் ஐகோர்ட் கிளைக்கும் போய்வரும் திமுக, அதிமுக, பாஜக, காங்கிரஸ், கம்யூனிஸ்ட் கட்சிகளின் வழக்கறிஞர்களே!

நீதிபதி நியமனம் என்று பேச்சு எடுத்தாலே உங்கள் ஒவ்வொரு தரப்பிடமும் பதில் தயாராக இருக்கிறது. பட்டியலில் ஒரு பெயர் வந்தால் ஒரு தரப்பு போஸ்டர் அடிக்கிறது, மறு தரப்பு வாசலில் நின்று கோஷம் போடுகிறது. அடுத்த பெயர் வந்தால் போஸ்டரும் கோஷமும் கைமாறுகின்றன. ஆனால் இதே விஷயத்தில் நாடாளுமன்றத்தின் பெரிய கட்சிகள் ஒருமுறை விட்டுக்கொடுத்து, கூடி உட்கார்ந்து, ஓட்டுப் போட்டன. அந்த உடன்பாடு பதினான்கு மாதத்தில் கேட்பாரற்றுப் போனது. அதை உருவாக்கியவர்கள் அதன்பின் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை உங்களுக்கு எடுத்து வைக்கவும், அதைத் தொட்டு ஒன்று கேட்கவும் எழுதப்படுகிறது இந்த மடல்.

2014 ஆகஸ்ட் 13, புதன்கிழமை. மோடி அரசு பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சட்ட அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் கொண்டுவந்த 121ஆவது சாசனத் திருத்த மசோதாவும், தேசிய நீதித்துறை நியமன ஆணைய மசோதாவும் மக்களவையின் முன் இருந்தன. ஆணையத்தில் ஆறு நாற்காலிகள்: இந்தியத் தலைமை நீதிபதி, அவருக்கு அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், சான்றோர் இருவர். அந்த இருவரைப் பிரதமர், தலைமை நீதிபதி, எதிர்க்கட்சித் தலைவர் மூவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இருவரில் ஒருவர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகிய பிரிவுகளிலிருந்து வர வேண்டும். ஆறு பேரில் யாராவது இரண்டு பேர் மறுத்துவிட்டால் அந்தப் பெயர் அத்தோடு போச்சு.

காங்கிரஸ் ஓர் இடத்தில் முட்டுக்கட்டை போட்டது. ஆணையம் பரிந்துரைத்த பெயரைக் குடியரசுத் தலைவர் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினால், ஆறு பேரும் ஒருமனதாக இருந்தால்தான் அதே பெயரை மறுபடி அனுப்ப முடியும் என்று மசோதா சொன்னது. அதாவது சட்ட அமைச்சர் ஒருவர் தலையை ஆட்டினால் போதும், பெயர் நின்றுவிடும். அந்த நிபந்தனையை எடுத்தால்தான் ஆதரவு என்றது காங்கிரஸ். அரசு இறங்கிவந்து அதை எடுத்துவிட்டது. ஓட்டெடுப்பில் ஆதரவு 367, எதிர்ப்பு பூஜ்யம். மறுநாள் மாநிலங்களவையில் 179க்குப் பூஜ்யம். அங்கே மூத்த வழக்கறிஞர் ராம் ஜெத்மலானி ஒருவர் மட்டும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நின்றார்.

இந்தப் பேரத்துக்குள் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்தத் தேர்தலில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 44 இடங்கள். எதிர்க்கட்சித் தலைவர் பதவி கேட்ட கட்சிக்குச் சபாநாயகர் சுமித்ரா மகாஜன் கை விரித்துவிட்டார். ஆனால் சான்றோரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் யார் உட்காருவது என்று வந்தபோது, எதிர்க்கட்சித் தலைவர் இல்லாவிட்டால் மிகப் பெரிய எதிர்க்கட்சியின் தலைவர் என்று மசோதாவிலேயே எழுதிவைத்தார்கள். அவையில் கொடுக்காத மரியாதையைச் சட்டத்தில் கொடுத்தார்கள். எண்ணிக்கை கையில் இருந்த கட்சி இப்படி இறங்கிவருவது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. அந்தப் பெருமை இரண்டு தரப்புக்கும் உரியது.

அதிமுகவுக்கு அப்போது மக்களவையில் 37 பேர். மதுரைத் தொகுதியும் அவர்கள் கையில்தான் இருந்தது. அந்தக் கட்சி ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. ஆணையத்தின் ஆறு நாற்காலிகளில் மாநிலத்துக்கு ஒன்றுகூட இல்லை. உயர் நீதிமன்ற நியமனத்தில்கூட ஆளுநரிடமும் முதலமைச்சரிடமும் எழுத்தில் கருத்துக் கேட்டால் போதும் என்றுதான் சட்டம் சொன்னது. தமிழ்நாட்டு ஐகோர்ட்டுக்கு நீதிபதி போடும் அறையில் தமிழ்நாட்டுக்கு இடமில்லை. அதிமுக வழக்கறிஞர்களே, இது வலுவான வாதம். ஆனால் அந்த வாதம் ஒரு திருத்தமாக, ஏழாவது நாற்காலியாக, அவையின் மேசைக்கு வந்திருந்தால் அதன் மதிப்பே வேறு. 37 பேர் ஒதுங்கி நின்றது குறிப்பேட்டில் ஒரு வரியாக நின்றுவிட்டது.

ஓராண்டு பின்னால் போனால் காட்சி அப்படியே தலைகீழ். 2013 செப்டம்பர் 5 அன்று இதே மாதிரி ஒரு சாசனத் திருத்தத்தை மாநிலங்களவைக்குக் கொண்டுவந்தவர் காங்கிரஸின் சட்ட அமைச்சர் கபில் சிபல். நிலைக்குழுவுக்கு அனுப்பச் சொல்லி பாஜக வெளிநடப்புச் செய்தது. 131 ஓட்டு ஆதரவு, ஒரே ஓட்டு எதிர்ப்பு. அந்த ஒரு ஓட்டும் ஜெத்மலானியுடையதுதான். மக்களவை கலைந்ததும் அந்த முயற்சி அத்தோடு நின்றது. அதற்கும் முன்னால் 1990இல் வி.பி. சிங் அரசும், 2003இல் வாஜ்பாய் அரசும் நியமன ஆணையத்துக்குத் திருத்த மசோதா கொண்டுவந்து பார்த்தன, இரண்டும் கரை சேரவில்லை. ஆக, ஆளும் வரிசையில் இருந்தபோது ஆணையம் வேண்டும் என்று சொல்லாத பெரிய தேசியக் கட்சி கிடையாது.

2014 ஓட்டெடுப்புக்குப் பிறகு நடந்தது உங்கள் எல்லோருக்கும் பாடமாகத் தெரியும். 16 மாநிலச் சட்டமன்றங்கள் ஒப்புதல் தந்தன, 2014 டிசம்பர் 31 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார், 2015 ஏப்ரல் 13 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. கேஹர், லோகுர், குரியன் ஜோசப், கோயல் ஒரு பக்கம், செலமேஸ்வர் மறுபக்கம்.

தீர்ப்பு வந்த வாரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். இரண்டு நாளில் அன்றைய நிதி அமைச்சர் அருண் ஜெட்லி முகநூலில் நீளமாக எழுதினார். மக்கள் தேர்ந்தெடுக்காதவர்களின் ஆதிக்கத்தில் ஜனநாயகம் நடக்க முடியாது என்பது அதன் சாரம். அவர் கட்சிதான் 2013இல் வெளிநடப்புச் செய்தது. காங்கிரஸ் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. அந்தக் கட்சிதான் திருத்தம் கேட்டு வாங்கி, ஆதரித்து ஓட்டுப் போட்டது. தான் பேரம் பேசி உருவாக்கிய சட்டத்துக்காக அது தெருவுக்கு வரவில்லை. பாஜக குரல் எழுப்பியது, ஆனால் கையில் திருத்தம் எதுவும் இல்லை. 367 ஓட்டு வாங்கிய ஒரு யோசனையை, கோர்ட் சுட்டிக்காட்டிய ஓட்டையை அடைத்து மறுபடி கொண்டுவர அரசுக்கு யாரும் தடை போடவில்லை. அதன்பின் எந்த அரசும் அப்படி ஒரு மசோதாவை வைக்கவில்லை. 2022 டிசம்பர் 7 அன்று ஜகதீப் தன்கர் மாநிலங்களவைத் தலைவராகத் தன் முதல் உரையிலேயே இந்தத் தீர்ப்பைக் கண்டித்தார். இரண்டு நாள் கழித்து அதே அவையில் நியமன ஆணையத்துக்கு ஒரு தனிநபர் மசோதா வந்தது. கொண்டுவந்தவர் மார்க்சிஸ்ட் உறுப்பினர் பிகாஷ் ரஞ்சன் பட்டாச்சார்யா. அதை அறிமுகம் செய்யவே கூடாது என்று எழுந்தவர் எதிர்வரிசையைச் சேர்ந்த ஆம் ஆத்மியின் ராகவ் சட்டா. கண்டனம் ஆளும் தரப்பிடமிருந்து வந்தது, மசோதா எதிர்வரிசையிலிருந்து வந்தது, அதற்குத் தடையும் எதிர்வரிசையிலிருந்தே வந்தது.

கோர்ட் சொன்ன ஓட்டை உண்மையானது. இதை எழுதுபவரின் கருத்தும் அதுதான். மூன்று நீதிபதிகளும் ஒருமித்து ஒருவரைப் பரிந்துரைத்தாலும், சட்ட அமைச்சரும் ஒரே ஒரு சான்றோரும் சேர்ந்து அவரைத் தடுத்துவிடலாம் என்றால், அரசாங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய ஒருவர் மேலே போவது சுலபமா? 1973இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். நெருக்கடி நிலையில் தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய எச்.ஆர். கன்னாவை 1977இல் தாண்டிப் போனார்கள். இந்தக் காயம்தான் 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வை, மூத்த நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் பக்கம் தள்ளியது, 1998இல் அதற்கு இப்போதைய வடிவம் கிடைத்தது.

ஆனால் கொலீஜியத்தின் மூடிய கதவும் உண்மைதான். அந்த 1993 அமர்வில் உட்கார்ந்திருந்தவர் நம் திருநெல்வேலிச் சீமையின் எஸ். இரத்தினவேல் பாண்டியன். நீதிபதிகளின் ஆசனத்தில் பட்டியல் சாதியினரும் பிற்படுத்தப்பட்டோரும் பெண்களும் போதிய அளவு இடம்பெற வேண்டும் என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதிவைத்தவர் அவர். அதிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து மத்திய சட்டத்துறை நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் கொடுத்த கணக்கைப் பாருங்கள். 2018 முதல் 2022 டிசம்பர் வரை உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 537 பேரில் பிற்படுத்தப்பட்டோர் 11 சதவீதம், பட்டியல் சாதியினர் 2.8, பழங்குடியினர் 1.3, சிறுபான்மையினர் 2.6. பேசுவதெல்லாம் பேசிவிட்டு, அந்த ஆசனம் யாருக்குப் போயிருக்கிறது என்று இந்த நான்கு எண்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

2014 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டில் 12 பேர் பட்டியல் கசிந்தபோது வழக்கறிஞர்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்த அறைக்குள் பதவியில் இருந்த நீதிபதி சி.எஸ். கர்ணனே நுழைந்து, தேர்வு நியாயமாக நடக்கவில்லை என்று பேசினார். ஒரு நீதிபதி இன்னொரு அமர்வின் முன் நின்று அப்படிப் பேசியது முறையில்லை. ஆனால் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று நீதிபதிக்கே தெரியாத ஓர் ஏற்பாட்டில், காலையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும் வழக்காளிக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது?

அந்த வழக்காளியைத் தினமும் பார்க்கிறீர்கள். தேனி, கம்பம், வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று மேற்கேயிருந்து வரும் பஸ்களில், துணிப்பையில் கேஸ் கட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, வக்கீலுக்குப் போன் போட்டபடியே இறங்குகிறார்கள். நின்றபடி ஒரு டீயைக் குடித்துவிட்டு, ஊரைக் குறுக்கே கடந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து ஐகோர்ட் என்று இன்னொரு பஸ். மதியம் திரும்பி வருகிறார்கள், கட்டு அதே பையில் இருக்கிறது, வழக்கு எடுபடவில்லை. ஐகோர்ட்டுக்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதிகள் 75 பேர். காலியிடம் இருக்கும்வரை, இருக்கிற நீதிபதிகளைச் சென்னையும் மதுரையும் பங்குபோட்டுச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறந்தபோது தென் மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னை ரயில் மிச்சமானது. அந்த மிச்சத்தை வாய்தா தின்றுவிடக் கூடாது.

இனி உங்களுக்கு மிக நெருக்கமான ஒரு நாளுக்கு வரலாம். 2023 ஜனவரி 17. கொலீஜியம் அன்று சென்னை ஐகோர்ட்டுக்கான பெயர்களைப் பற்றி முடிவெடுத்தது. பெயர்களில் ஒன்று எல். விக்டோரியா கௌரி: மதுரைக் கிளையில் உங்களோடு வாதாடியவர், மத்திய அரசுக்காக ஆஜரானவர், பாஜக மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர். இன்னொன்று ஆர். ஜான் சத்யன். அவருடைய பெயர் 2022 பிப்ரவரியிலேயே பரிந்துரைக்கப்பட்டு அரசு திருப்பி அனுப்பியது. உளவுத்துறை சொன்ன குறை என்ன? பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையை அவர் இணையத்தில் பகிர்ந்தார். நீட் தேர்வு நெருக்கடியில் 2017இல் உயிரை மாய்த்துக்கொண்ட அரியலூர் அனிதாவைப் பற்றி வருந்தி ஒரு பதிவும் போட்டிருந்தார். அது தகுதியைக் குறைக்காது என்று சொல்லிக் கொலீஜியம் அன்று அவர் பெயரை மறுபடியும் அனுப்பியது.

விக்டோரியா கௌரிக்கு பிப்ரவரி 6 அன்று நியமன அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை, உச்ச நீதிமன்றத்தில் சஞ்சீவ் கன்னா, பி.ஆர். கவாய் அமர்வின் முன் எதிர்ப்பு மனு நடக்கும் நேரத்திலேயே சென்னையில் அவர் பதவியேற்றார். மனு தள்ளுபடியானது. ஜான் சத்யன் நியமனம் வரவில்லை. மறுபடி அனுப்பிய பெயரை நிறுத்திவைப்பது பணிமூப்பைக் கெடுக்கிறது என்று 2023 மார்ச் 21 தீர்மானத்தில் கொலீஜியமே கவலை தெரிவித்தது. ஒருமனதாக மறுபடி அனுப்பப்பட்ட பெயருக்கு மூன்று, நான்கு வாரத்தில் நியமனம் நடக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

அந்த நாட்களில் உங்கள் அணிகள் பேசியதை நீங்களே நினைத்துப் பாருங்கள். கட்சிப் பின்னணி உள்ளவர் நீதிபதியாகவே கூடாது என்றது ஒரு தரப்பு. அப்படியானால் இரத்தினவேல் பாண்டியன்? திமுகவில் பொறுப்பில் இருந்துவிட்டுத்தான் அவர் ஆசனத்துக்குப் போனார். வி.ஆர். கிருஷ்ணய்யர் 1957இல் கேரளத்தின் நம்பூதிரிபாடு அமைச்சரவையில் அமைச்சர். இவர்களைக் கொண்டாடும் வாய், பின்னணியை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது. சிறுபான்மையினரைப் பற்றி விக்டோரியா கௌரி முன்பு பேசிய பேச்சுதான் சிக்கல் என்று சொன்னவர்களின் வாதத்தில் வலு இருந்தது. அதை நேராக, அது ஒன்றையே முன்வைத்திருக்க வேண்டும். பின்னணி ஒரு தடையே இல்லை என்றது மறு தரப்பு. அப்படியானால் ஒரு கட்டுரையைப் பகிர்ந்தவர் ஏன் வாசலிலேயே நிற்க வேண்டும்? ஒரே பட்டியலில் இருந்த இரண்டு பெயரையும் ஒரே அளவுகோலில் அளந்து ஓர் அறிக்கை வந்திருந்தால், அது எந்தக் கட்சியின் அறிக்கையாக இருந்தாலும் மதிப்பு பெற்றிருக்கும்.

உங்களுக்கு இதில் சொந்தக் கணக்கும் இருக்கிறது. ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர் பட்டியல் மாறும். அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் சிலர் பின்னாளில் நீதிபதி ஆவார்கள். கட்சிக்கு உழைத்தவர் அதை எதிர்பார்ப்பது இயல்பு. அந்த எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டு நியமன முறையைப் பற்றிப் பேசும்போது எதிர்க்கட்சிக்காரரின் எதிர்பார்ப்பும் அதே தராசில்தான் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது.

செய்த உடன்பாட்டைக் கைவிடும் இந்த நோய் மற்ற நாடுகளிலும் உண்டு. அமெரிக்க செனட்டில் 2005 மே 23 அன்று குடியரசுக் கட்சியினர் ஏழு பேர், ஜனநாயகக் கட்சியினர் ஏழு பேர் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதிபர் புஷ் முன்மொழிந்த நீதிபதிகளில் பிரிசில்லா ஓவன் உட்பட மூவர் மீதான முட்டுக்கட்டையை எதிர்க்கட்சி விலக்கிக்கொள்ளும். முட்டுக்கட்டை போடும் உரிமையையே ஒழிக்கும் திட்டத்தை ஆளும் தரப்பு கைவிடும். ஜான் மெக்கைன் ஒரு பக்கம், பழம்பெரும் உறுப்பினர் ராபர்ட் பேர்ட் மறுபக்கம். கையெழுத்தின் ஈரம் காயுமுன் இரண்டு முகாமிலிருந்தும் வசை வந்தது. மதவாத வலதுசாரித் தலைவர் ஜேம்ஸ் டாப்சன் துரோகம் என்றே கண்டித்தார். அந்த மூவரையும் உள்ளே விட்டுவிட்டார்களே என்று இடது முகாம் புலம்பியது. உடன்பாட்டைக் காப்பாற்ற ஆதரவாளர் யாரும் இல்லாததால் 2013இல் ஜனநாயகக் கட்சியினரே கீழ்நிலை நீதிமன்ற நியமனங்களுக்கு அந்த உரிமையை ஒழித்தார்கள். 2017இல் குடியரசுக் கட்சியினர் உச்ச நீதிமன்றத்துக்கும் சேர்த்து ஒழித்தார்கள்.

கடல் தாண்டிய அண்டை நாட்டிலும் இதே கதைதான். இலங்கையில் மேல்நிலை நீதிபதி நியமனத்துக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவை 2001இல் 17ஆவது திருத்தத்தால் வந்தது, 2010இல் போனது, 2015இல் 212 ஓட்டோடு திரும்ப வந்தது, 2020இல் மறுபடி போனது, 2022இல் மறுபடி வந்தது. வந்தபோதும் போனபோதும் கை தூக்கியவர்களில் ஒரே ஆட்கள் பலர்.

இனிக் கேட்க வந்தது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நியமனத்துக்கான நடைமுறைக் குறிப்பை அரசு புதிதாக எழுத வேண்டும் என்றது. தலைமை நீதிபதியோடு கலந்து எழுத வேண்டிய அந்தக் குறிப்பு முடிவாகாமலே ஆண்டுகள் கடந்தன. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் நாம் ஏற்கக்கூடிய விதிகள் இவை என்று ஆரப்பாளையத்தின் எல்லாக் கட்சி வழக்கறிஞர்களும் கூடி எழுத முடியாதா? பெயரைத் தேர்ந்ததற்கும் தள்ளியதற்கும் காரணம் எழுத்தில் வர வேண்டுமா, வேண்டாமா? மறுபடி அனுப்பிய பெயருக்கு அரசு எத்தனை வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்? இணையத்தில் எழுதியது எந்த அளவுக்குப் போனால் தடை, எந்த அளவுவரை தடையில்லை? ஆணையம் வருமானால் நீதிபதிகளுக்குப் பெரும்பான்மை உண்டா? அதில் மாநிலத்தின் நாற்காலி எது? பட்டியல் சாதியினரின் அந்த 2.8 சதவீதத்துக்கும் பழங்குடியினரின் 1.3க்கும் எழுத்தில் ஏதேனும் பரிகாரம் உண்டா?

ஒவ்வொரு விதியின் கீழும் ஐந்து கட்சிக்காரரும் கையெழுத்துப் போடுங்கள். உடன்படாத இடத்தில் மாற்றுக் கருத்தையும் பெயரோடு எழுதுங்கள். செலமேஸ்வர் அப்படித்தான் எழுதினார். மதுரையின் மக்களவை உறுப்பினர் சு. வெங்கடேசன் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், மாநிலங்களவையில் ஆணைய மசோதா வைத்த அதே கட்சி. நீதித்துறையில் சமூகப் பரவல் கேட்டுத் தனிநபர் மசோதாவோடு தொடர்ந்து பேசிவருபவர் திமுகவின் பி. வில்சன். இருவரிடமும் ஒரே பிரதியைக் கொடுங்கள். பாஜக, காங்கிரஸ், அதிமுக நண்பர்கள் தங்கள் தலைமைக்கும் அதே பிரதியை அனுப்புங்கள். அடுத்த பட்டியல் வரும்போது முதல் பெயர் யாருடையது என்று தெரிவதற்கு முன்னால் அது எழுதி முடிந்திருக்க வேண்டும்.